திங்கட்கிழமை வண்டிகள் எங்கே நிற்கின்றன?

கடிதத்தின் சுருக்கம்: பாளையங்கோட்டையில் உள்ள ஓர் இருசக்கர வாகன சர்வீஸ் சென்டரில் ஆறு வருடம் சர்வீஸ் அட்வைசராக (வாடிக்கையாளரிடம் குறையைக் கேட்டு எழுதி வண்டியை எடுத்துக்கொள்பவராக) இருந்த வாசகர், நான்கு மாதத்துக்கு முன் அங்கேயே மேலாளராகியிருக்கிறார். வயது 31. அவருக்குக் கீழே 14 பேர்: ஏழு மெக்கானிக், வாட்டர் வாஷுக்கு இருவர், இரண்டு அட்வைசர், ஸ்பேர்ஸ் கவுண்டருக்கும் பில்லிங்குக்கும் ஒவ்வொருவர், டெலிவரிக்கு முன் வண்டியைச் சோதிக்க ஒருவர். திங்கட்கிழமை 42 வண்டி வந்தால் 32 தான் வெளியே போகிறது. மற்ற நாட்களில் 28 தான் வருகிறது என்றாலும், திங்களில் தேங்கியது வியாழன் வரை இழுக்கிறது. போன வண்டிகளில் நூற்றுக்கு ஒன்பது அதே குறையோடு திரும்பி வருகிறது.

காலை பத்தரைக்கு மெக்கானிக்குகள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் அடித்துப் பிடித்து வேலை பார்க்கிறார்கள். காலைக் கூட்டத்தில் சத்தம் போட்டுப் பார்த்தார். வண்டிக்கு 25 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார். திரும்பி வரும் வண்டிக்கு 100 ரூபாய் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. பங்குனி உத்திரத்தன்று ஐந்து மெக்கானிக் சேர்ந்தாற்போல் வரவில்லை. மூத்த மெக்கானிக் ஒருவர் பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டி என்றாலே ஒதுங்குகிறார். "பாப்பம்ல, என்ன அவசரம்" என்கிறார். அவரை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பது முதலாளியின் எண்ணம். மூன்று மாதம் கெடு. கடிதத்தின் கடைசி வரி: "நேத்து வரைக்கும் அண்ணாச்சின்னு கூப்பிட்டவர இனிமே எப்படிக் கூப்பிடணும்?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் யார் எப்படிப்பட்டவர் என்பதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒரு வண்டி உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும் வரை எங்கெங்கே நிற்கிறது என்பதற்கு நாலு வரிதான். அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

முதலில் ஆள் போதுமா? ஏழு மெக்கானிக், ஆளுக்கு எட்டு மணி நேரம், ஆக 56. ஸ்பேர்ஸ் வாங்க நடப்பது, வண்டி தள்ளுவது, ஓட்டிப் பார்ப்பது, டீ எல்லாம் போக முக்கால் பங்கு வேலைக்கு நிற்கும் என்று வைத்தால் 42 மணி நேரம். நீங்கள் சொல்லும் கலவையில், அதாவது பெரும்பாலும் பொது சர்வீஸ், கொஞ்சம் சில்லறை வேலை, இரண்டு மூன்று என்ஜின் வேலை என்றால் வண்டிக்குச் சராசரி 55 நிமிடம் பிடிக்கும். 42 வண்டிக்கு முப்பத்தெட்டரை மணி நேரம். ஆள் போதும்.

அடுத்து வாஷ். வண்டியை ஏற்றிக் கழுவும் மேடை, அதாவது ராம்ப், ஒன்றே ஒன்று. ஏற்றி, தண்ணீர் அடித்து, நுரை போட்டுக் கழுவி, காற்றடித்து இறக்க 14 நிமிடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜாப் கார்டு (வண்டியின் குறையையும் வேலையையும் எழுதும் சீட்டு) போட்டு முதல் வண்டி ராம்ப்பில் ஏறும்போது மணி 9.45. மாலை 6 வரை 495 நிமிடம். மதியம் வாஷ் பையன்கள் இருவரும் ஒன்றாகச் சாப்பிடப் போவதால் 45 நிமிடம் ராம்ப் சும்மா கிடக்கிறது. மிச்சம் 450. அதைப் பதினான்கால் வகுத்துப் பாருங்கள். 32 வருகிறது.

உங்கள் சென்டரிலிருந்து திங்கட்கிழமை வெளியே போவதும் 32 தான். எல்லா வண்டியும் முதலில் வாஷுக்குப் போக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறவரை, மெக்கானிக்குகள் ஏழு பேரும் பம்பரமாகச் சுழன்றாலும் இந்த எண் ஏறாது. பத்தரைக்கு மூன்று வண்டிதான் கழுவி முடிந்திருக்கும். ஏழு பேர் அதற்குக் காத்திருக்கும்போது போனைப் பார்க்காமல் என்ன செய்வார்கள்? சாயங்காலம் கழுவிய வண்டிகள் மொத்தமாக வந்து விழுகின்றன. அவசரத்தில் செய்த வேலை அடுத்த வாரம் திரும்பி வருகிறது. கால்வாயில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும்போது கடைமடைக்காரனைத் திட்டுகிற கதையாகத்தான் உங்கள் காலைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

வாஷில் செய்ய வேண்டியது

இதற்குச் செலவில்லை. வாஷ் பையன்களில் ஒருவர் 8.15-க்கு வந்து 5 மணிக்குப் போகட்டும், இன்னொருவர் 9.15-லிருந்து 6 வரை. யாருக்கும் வேலை நேரம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு மாறி மாறிப் போனால் ராம்ப் நிற்காது. 8.15 முதல் 6 வரை 585 நிமிடம், 41 வண்டி. ஒரு அட்வைசர் எட்டு மணிக்கே வர வேண்டும். ஆபீஸ் போகிறவர்களும் கல்லூரிக்குப் போகிறவர்களும் அந்த நேரத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போகத்தான் விரும்புவார்கள்.

கூடவே, காலையில் வரும் முதல் ஏழு வண்டியைக் கழுவாமல் நேரே மெக்கானிக்கிடம் கொடுங்கள். என்ஜின், செயின் பக்கம் பிரஷ் போட்டுக் காற்றடித்தால் வேலை பார்க்கும் அளவுக்குச் சுத்தமாகிவிடும். சர்வீஸ் முடிந்து கழுவட்டும். இதில் ஒன்றை மறந்தால் வம்பு: செயினுக்கு எண்ணெய் விடுவது கழுவிக் காய்ந்த பிறகுதான். முன்னாலேயே விட்டால் நுரையோடு போய்விடும், பத்து நாளில் செயின் சத்தத்தோடு வண்டி வந்து நிற்கும். பல்பு, பிரேக் கேபிள் போன்ற சில்லறை வேலைக்கு வருகிறவர்களிடம் வாஷ் வேண்டுமா என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். இலவச சர்வீஸில் அது அவர்களுக்கு உரிய பங்கு என்பதால், கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

வாஷ் சரியானதும் வேறோர் இடத்தில் அடைப்புத் தெரியும், அநேகமாக ஸ்பேர்ஸ் கவுண்டரில். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் என்று தினம் ஓடுகிற பத்துப் பொருளைச் சிறு தட்டில் போட்டுக் காலையிலேயே பட்டறைக்குள் வைத்து, மாலையில் எண்ணிக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். கவுண்டருக்கு நடக்கிற நடை பாதியாகும்.

வண்டி ஏன் திரும்பி வருகிறது

கடந்த இரண்டு மாதத்தில் திரும்பி வந்த வண்டிகளின் ஜாப் கார்டை எல்லாம் எடுத்து மேசையில் பரப்புங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி: வாடிக்கையாளர் சொன்னது, அட்வைசர் எழுதியது, மெக்கானிக் செய்தது, வேலை முடிந்த நேரம். மெக்கானிக் பெயருக்கு ஐந்தாவது பத்தி போட்டுவிடாதீர்கள். போட்டால் கண் அதைத்தான் முதலில் தேடும்.

முதல் பத்திக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலேயே பாதி விஷயம் தொலைந்திருப்பது தெரியும். "காலைல அடிச்சா ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு, மத்த நேரம் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொல்லியிருப்பார். கார்டில் "ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்று மட்டும் இருக்கும். மெக்கானிக் மூன்று மணிக்கு, வெயிலில் நின்று சூடேறிய வண்டியை அடித்துப் பார்ப்பார்; ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். பிளக்கைத் துடைத்து மாட்டி அனுப்பிவிடுவார். அவர் மேல் தப்பில்லை. அந்தக் குறை தெரிய வேண்டுமானால் வண்டி ராத்திரி நின்று, காலையில் ஆறிய என்ஜினாக அடித்துப் பார்க்க வேண்டும். அதனால் வாடிக்கையாளர் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே கார்டில் எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போது, எந்த வேகத்தில், தனியாகவா ஆள் ஏற்றினாலா என்ற மூன்று கேள்வியும் அட்வைசர் வாயில் தானாக வர வேண்டும். சத்தம் பற்றிய குறை என்றால் வாடிக்கையாளரைப் பின்னால் உட்காரவைத்து அரை கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காமல் கார்டு போடக் கூடாது. நீங்களே ஆறு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர், சொல்லிக்கொடுக்க வேறு ஆள் தேட வேண்டாம்.

டெலிவரிக்கு முன் வண்டியைச் சோதிக்க வேண்டியவர் பாதி நேரம் வண்டி தள்ளவும் பேங்குக்குப் போகவும்தான் பயன்படுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். வண்டிக்கு மூன்று நிமிடம் போதும்: இரண்டு பிரேக், செயின் தளர்வு (பெரும்பாலான 100, 125 சி.சி. வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ., கையேட்டில் உள்ள அளவே முடிவு), சக்கர ஆக்சில் நட், ஆயில் மட்டம், விளக்கு, ஹாரன். கடைசியாக, கார்டில் எழுதிய அந்தக் குறை. அவர் கையெழுத்தில்லாமல் சாவி வெளியே போகக் கூடாது, முதலாளி அவசரப்படுத்தினாலும்.

25 ரூபாயும் 100 ரூபாயும்

ஊக்கத்தொகை விஷயத்தில் நீங்கள் செய்தது பிழை. வண்டி எண்ணிக்கைக்குக் காசு என்றால் எண்ணிக்கைதான் வரும். திரும்பி வந்தால் பிடித்தம் என்றதும் இன்னொன்று நடந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள்: திரும்பி வரும் வண்டியைப் புதிய கார்டு போடாமல் ஓரமாக நிறுத்தி, காதும் காதும் வைத்தாற்போல் சரிசெய்து அனுப்புவது. அப்படியானால் உங்கள் நூற்றுக்கு ஒன்பதும் உண்மையான எண் அல்ல, அதைவிடக் கூடுதலாக இருக்கும். பிடித்தத்தை நிறுத்திய முதல் மாதம் அந்த எண் ஏறினால் பதறாதீர்கள். மறைத்தது வெளியே வருகிறது என்று அர்த்தம், முதலாளியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அதே 25 ரூபாயை இப்படி மாற்றலாம்: வண்டி போய் 15 நாளில் அதே குறையோடு திரும்பவில்லை என்றால் 12 ரூபாய் அந்த மெக்கானிக்குக்கு, 13 ரூபாய் பொதுவில் சேர்த்து மாதக் கடைசியில் வாஷ் பையன், ஸ்பேர்ஸ்காரர் உட்பட எல்லோருக்கும் சமமாக. புதிய ஸ்பேரே பழுதாகித் திரும்பிய வண்டியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பிடித்தத்துக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, அபராதம் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 450. எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்பே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் ஏற வேண்டும். வசூலான பணம் பணியாளர் நலனுக்குத்தான் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதில் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது, கூட்டத்தில் அறிவித்தே.

மூத்த மெக்கானிக்

அவர் சோம்பேறி என்பது உங்கள் முடிவு. வேறு விதமாகவும் பார்க்கலாம். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. 22 வருடம் காதால் கேட்டே கார்புரேட்டரைச் சரிசெய்தவர் கையில் கோளாறை எண்ணாகக் காட்டும் ஒரு ஸ்கேனரைக் கொடுத்து, அந்த எண்ணை ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் முன்னால் வாசிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? "பாப்பம்ல" என்பார். தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிற ஆள் அலட்சியக்காரரைப் போலத்தான் தெரிவார்.

எல்லோர் முன்னிலும் வகுப்பு எடுக்காதீர்கள். கூட்டம் குறைந்த புதன், வியாழன் மதியம் நாலு மணிக்கு மேல் அரை மணி நேரம், இரண்டு மூன்று வாரம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணாச்சி, இந்த ஸ்கேனர நானும் முழுசாப் படிக்கல. ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம். சத்தத்த வச்சே சொல்லுததுல உங்கள மிஞ்ச இங்க ஆளு கிடையாது, அத அந்தப் பயலுவளுக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்." உங்களுக்கும் ஸ்கேனர் முழுதாகத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதில் பொய்யும் இல்லை.

தொடக்கத்தில் மூன்று பழக்கம் போதும். ஸ்கேனரைச் செருகுமுன் பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்ப்பது. வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ், ஏனென்றால் பேட்டரி இளைத்திருக்கும்போது காட்டும் கோளாறு எண்ணை நம்ப முடியாது. இரண்டாவது, சென்சார் கனெக்டர்களைக் கழற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுவது. பிரஷர் கன்னை நேரே காட்டிக் கழுவினால் அங்கே தண்ணீர் புகும், இதை வாஷ் பையன்களுக்கும் சொல்லுங்கள். மூன்றாவது, வேலை முடிந்ததும் பழைய எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்து, திரும்ப வருகிறதா என்று பார்ப்பது. ஒரு ஐ.டி.ஐ. பையனை அவரோடு இணையுங்கள்: பையன் ஸ்கேனர் பார்க்கட்டும், என்ன செய்வது என்ற முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து ஆறு, எட்டு வாரம் கழித்தும் அவர் மனப்பூர்வமாக மறுத்தால், அப்போது கதை வேறு. தனியே உட்கார்ந்து, என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைத் தேதியோடு எழுதி, ஒரு பிரதியை அவருக்குக் கொடுங்கள். நேரே "நாளையிலிருந்து வராதே" என்று முதலாளி சொல்ல முடியாது. உங்கள் சென்டர் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும், அல்லது அந்த மாதச் சம்பளமும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 41-வது பிரிவு. ஒழுங்கீனம் என்று விசாரணை நடத்தி ஆதாரம் பதிவாகியிருந்தால்தான் முன்னறிவிப்புக்கு விலக்கு. பட்டறை தொழிற்சாலையாகப் பதிவாகியிருந்தால் வழி வேறு. எதில் பதிவு என்பதை முதலில் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலைப் பாருங்கள். பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. அங்கே 11 வருடம் இருக்கிறார், கணக்குக்கு வரும் சம்பளம் 18,000 என்கிறீர்கள். 18,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 11-ஆல் பெருக்கினால் சுமார் 1,14,000 ரூபாய். மாற்றுவது சுலபம் என்று நினைக்கும் முதலாளிக்கு இந்த எண்ணும் தெரிய வேண்டும்.

லீவும் தாமதமும்

பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் வேலைக்கு வா என்று நம்ம ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. அன்று திறந்து வைத்ததே தவறு. வருடத் தொடக்கத்தில் ஒரு காலண்டரில் குறித்து மாட்டுங்கள்: பங்குனி உத்திரம் விடுமுறை, ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் போகிறவர்கள் யார், குலசை தசராவுக்கு மாலை போட்டவர்கள் யார். மூன்று வாரம் முன்பே அந்தத் தேதிகளுக்கு வண்டி எடுப்பதைக் குறைத்துவிடலாம். அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் பையன் தினமும் இருபது நிமிடம் தாமதம் என்கிறீர்கள். அவருக்கு நேரத்தை அரை மணி தள்ளி வைத்து, மாலையில் அரை மணி கூட இருக்கச் சொல்லுங்கள். மாலையில் டெலிவரிக்கு ஒரு மெக்கானிக் எப்படியும் வேண்டும்.

முதலாளியிடம்

அவர் கொடுத்த மூன்று மாதக் கெடுவுக்கு, ஆளை மாற்றும் திட்டத்தோடு போகாமல் ஒரு தாளோடு போங்கள். திங்கட்கிழமை வெளியே போகும் வண்டி, திரும்பி வரும் வண்டி, ராத்திரி தங்கும் வண்டி, இந்த மூன்று எண் மட்டும், வாரவாரம். வாஷ் மாற்றம் இரண்டாவது வாரமே தெரிந்துவிடும். திரும்பி வருவது குறைய ஆறு வாரமாவது ஆகும், அதற்கு முன் வாக்குக் கொடுக்காதீர்கள். இதே மூன்று எண்ணைப் பட்டறைச் சுவரில் வெள்ளைப் பலகையிலும் எழுதுங்கள். காலைக் கூட்டம் நின்றுகொண்டே பத்து நிமிடம்: நேற்று எது நின்றது, இன்று எதற்கு ஸ்பேர் இல்லை, யாருக்கு இரண்டாவது ஆள் வேண்டும். தனி ஒருவரைக் கண்டிக்க வேண்டுமானால் அங்கே வேண்டாம், மாலையில் தனியாக.

உங்களோடு அட்வைசராக இருந்து, பதவி கிடைக்காமல் போனவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எட்டு மணி வேலையை அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். முதல் மாதம் நீங்களே எட்டு மணிக்கு வாருங்கள். பிறகு முறை வைத்துக்கொள்ளலாம்.

கடைசிக் கேள்விக்கு: அண்ணாச்சி என்றே கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தால் அன்று மதியமே பட்டறை முழுக்கப் பேச்சாகிவிடும். ஜாப் கார்டிலும் பலகையிலும் மட்டும் மற்ற ஆறு பேரைப் போலவே அவர் பெயரும் இருக்கட்டும்.